‘அம்மா, என் சாக்ஸ் எங்கே?’ என்று யாரும் கேட்காத வீடு

கேள்வி: மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் சொந்த ஃபிளாட். 820 சதுர அடி, இரண்டு படுக்கையறை. நான், கணவர், ஏழாவது படிக்கும் மகன், இரண்டாவது படிக்கும் மகள், மூட்டுவலி உள்ள மாமியார். எட்டேகாலுக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஆறு மணியிலிருந்து அதுவரை வீடு போர்க்களம். நேற்று ஒரு காலையில் மட்டும் தேடியவை: மகனின் சாக்ஸ், வண்டிச் சாவி, டிபன் டப்பா மூடி, மாமியாரின் மாத்திரைச் சீட்டு, என் ஐ.டி. கார்டு, பள்ளியில் கேட்ட ஒரு படிவம். சாயங்காலம் கதவைத் திறந்ததும் சோபாவில் துணிக் குவியல், டைனிங் டேபிளில் உட்கார இடமில்லாமல் சாமான். துணி குவிவதற்கு சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் பேச்சு. அப்போதே தலைவலி ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிறு முழுக்க ஒதுங்க வைக்கிறேன்; புதன்கிழமை பழையபடி ஆகிவிடுகிறது. கணவருக்கு இரவு ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை அமெரிக்க ஃபோன் கால். படுக்கையறையில்தான் பேசுவார், எனக்குத் தூக்கம் போகிறது. எல்லா அறையிலும் சுவர் முழுக்க கப்போர்டு அடித்தால் சரியாகிவிடும் என்று கார்பென்டர் 3,20,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்திருக்கிறார். கையில் 1,50,000 இருக்கிறது. மீதியைக் கடன் வாங்கிச் செய்யலாமா? வீட்டு வரைபடமும் படங்களும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் வாங்க வேண்டாம். அந்த எஸ்டிமேட்டுக்கு முன்பணமும் கொடுக்க வேண்டாம். மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள்.

நீங்கள் தேடிய ஆறு பொருளையும் சேர்த்து வைத்தால் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அவை தொலைந்ததற்கு இடப் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது. சுவர் முழுக்க கப்போர்டு வந்தால், அதே சாக்ஸைத் தேடும்போது திறந்து பார்க்க வேண்டிய கதவுகள்தான் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேடியவர்கள் ஆளுக்கொருவர். கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான். எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. உங்கள் களைப்பில் பெரிய பங்கு அதற்குத்தான். ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உங்களைக் கேட்காமல் உங்கள் இரண்டாம் வகுப்பு மகள் அந்தப் பொருளை எடுக்கவும் முடிய வேண்டும், திரும்ப வைக்கவும் முடிய வேண்டும்.

கதவைத் திறந்ததும் தலைவலி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கற்பனை இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற 30 குடும்பங்களை வைத்து டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெப்பெட்டி என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே ‘ஒரே அடைசல், முடியாத வேலை’ என்று அதிகம் பேசிய மனைவிகளுக்கு, பொழுது சாயச் சாயக் குறைய வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் சரியாகக் குறையவில்லை. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அடைசலால் ஹார்மோன் மாறியதா, ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களின் கண்ணுக்கு வீடு அடைசலாகத் தெரிந்ததா என்பதை இந்த ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் ஒரே சோபாவைப் பார்த்து உங்கள் கணவர் அக்கடா என்று சாய்வதும், உங்களுக்கு அதுவே செய்யாத வேலையின் பட்டியலாகத் தெரிவதும் பல வீடுகளில் நடக்கிற விஷயம்தான்.

முதல் வாரம் எதையும் நகர்த்தாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். யார் எதைத் தேடினாலும், ‘எங்கே?’ என்று கேட்டாலும் பொருளின் பெயரை எழுதி, கடைசியில் அது எந்த இடத்தில் கிடைத்தது என்றும் எழுத வேண்டும். ஒதுங்க வைப்பதையும் அந்த ஞாயிறு மட்டும் விட்டுவிடுங்கள். வார முடிவில் ஐந்தாறு இடங்களின் பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த இடங்களில்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு பொருள் தொடர்ந்து ஒரே ‘தப்பான’ இடத்தில் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் அதுவே அதற்குச் சரியான இடம். சாவி தினமும் டி.வி. ஸ்டாண்டில் கிடக்கிறதென்றால், வீட்டுக்குள் வருகிறவரின் கை அங்கேதான் முதலில் காலியாகிறது என்று பொருள். அவரைத் திட்டுவதைவிட அங்கே ஒரு கிண்ணம் வைப்பது சுலபம்.

இப்போது வாசல். உங்கள் வரைபடத்தில் கதவைத் திறந்ததும் வலது கைப்பக்கம் மூன்றரை அடிச் சுவர் சும்மா இருக்கிறது. கார்பென்டர் அதை விட்டுவிட்டு எதிரே டி.வி. சுவரை அலங்கரிக்கச் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டிலேயே அதிக மதிப்புள்ள இடம் இந்த மூன்றரை அடிதான்.

கீழே செருப்பு அலமாரி. தரையிலிருந்து நான்கு இன்ச் கால் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீடுகளில் மரம் முதலில் ஊறி உப்புவது அடிப்பக்கம்தான். உள் ஆழம் 13 இன்ச் போதும். ஒரு ஜோடிக்கு அகலத்தில் எட்டு, ஒன்பது இன்ச் ஆகும். மூன்றரை அடித் தட்டில் நான்கு ஜோடி வசதியாக நிற்கும். மூன்று தட்டு என்றால் பன்னிரண்டு ஜோடி. தினம் போடாததெல்லாம் வேறு இடம் போகட்டும். கதவு முழுப் பலகையாக இருக்கக் கூடாது. சாய்வுப் பட்டை வைத்துக் காற்றுப் போக வழி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈர ஷூவை மூடி வைத்தால் இரண்டு நாளில் வீடே நாறும். சாக்ஸ்? அலமாரிக்கு மேலேயே, ஆளுக்கொரு சிறிய திறந்த கூடை. சாக்ஸுக்கு பீரோவில் வேலையே இல்லை. அதைப் போட்டுக்கொள்வது வாசலில்தானே.

அதற்கு மேலே கொக்கிகள். இரண்டு வரிசை வேண்டும். பெரியவர்களுக்குத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், கைப்பை, ஐ.டி. கார்டு, ஹெல்மெட் அங்கே. பிள்ளைகளுக்குத் தோள் உயரத்தில். உங்கள் மகளுக்கு அது மூன்றடியை ஒட்டி வரலாம். அவள் வரிசை கீழே இருப்பதால், அலமாரி சுவரின் முழு அகலத்தையும் அடைக்காமல் இரண்டேகால் அடியோடு நிற்கட்டும். மீதி ஒன்றேகால் அடி பைகளுக்கு. அப்படிச் செய்தால் தட்டுக்கு மூன்று ஜோடிதான் வரும். பரவாயில்லை, ஒரு தட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளிப் பை கனமானது. கொக்கியைச் சுவரில் நேராக அடிக்காமல், 18 மி.மீ. பலகை ஒன்றை நான்கு ஃபிஷர் (சுவர் பிளக்) போட்டு முறுக்கி, அதில் கொக்கியை மாட்டுங்கள். ஒற்றை ஆணியில் தொங்கும் பை ஆறு மாதத்தில் பூச்சோடு பெயர்ந்து வரும்.

பள்ளிப் படிவம், பில், கல்யாணப் பத்திரிகை இவற்றுக்கு அதே சுவரில் இரண்டே இரண்டு காகிதத் தட்டு. ஒன்று ‘செய்ய வேண்டியது’, இன்னொன்று ‘செய்து முடித்தது’. மூன்றாவது தட்டு வைத்தால் அது குப்பையாகத்தான் மாறும்.

சமையலறைக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் காலை நேரம் கரைகிறது. உங்கள் வீட்டில் இருப்பது கடப்பா கல் தட்டு வைத்த பழைய பாணி மேடை. மேடைக்குக் கீழே இரண்டடி ஆழம், உள்ளே இருட்டு. முன்வரிசை டப்பாவை நகர்த்தினால்தான் பின்வரிசை கண்ணில் படும். படத்தில் துவரம்பருப்பு மூன்று பாக்கெட் பிரித்தபடி இருக்கிறது. முதல் பாக்கெட் பின்னால் போய் மறைந்ததால் இரண்டாவது, அதுவும் மறைந்ததால் மூன்றாவது. ஆழமான தட்டு செய்கிற வேலை இது.

இதற்கு மாடுலர் கிச்சன் தேவையில்லை. 18 இன்ச் நீளமுள்ள, முன்பக்கம் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் ட்ரேக்களை வாங்கி, அவற்றின் அடியில் கட்டில் காலுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் பட்டையை ஒட்டுங்கள். கடப்பா மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு ட்ரே, ஒரு வேலை: குழம்புச் சாமான் ஒன்றில், டிபன் சாமான் ஒன்றில், காபி, டீ, சர்க்கரை ஒன்றில். வாங்கும் முன் தட்டின் வாயகலத்தை இரண்டு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். கடப்பா தடுப்பு நேராக நிற்காது. முன்னால் 22 இன்ச் இருப்பது பின்னால் 21 ஆக இருக்கும். கடையில் கண்ணளவில் வாங்கி வந்து பாதியில் சிக்கிக்கொள்வது வழக்கமான கதை.

உண்மையான டிராயர் இரண்டு மட்டும் செய்துகொள்ளுங்கள், அடுப்புக்கு இரு பக்கமும். 20 இன்ச் டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயர் சறுக்கி வெளியே வரும் இரும்புத் தடம்), 35 கிலோவுக்குக் குறையாமல் தாங்குவது. வலது டிராயரில் கரண்டி, கத்தி, இடுக்கி, அஞ்சறைப் பெட்டி. இடதுபக்கம் டிபன் டப்பாக்கள். மூடியைத் தனியாக அடுக்காதீர்கள்; டப்பாவை மூடியோடுதான் உள்ளே வைக்க வேண்டும். இடம் அதிகம் பிடிக்கும் என்பீர்கள். பிடிக்கட்டும். ஐந்து பேர் வீட்டுக்குத் தினசரி தேவை எட்டுப் பத்து டப்பா. ஹோட்டல் பார்சல் வந்த டப்பாவையும், ஜோடி இழந்த டப்பா மூடிகளையும் இரண்டாம் வாரமே வெளியேற்றினால் அந்த இடம் தானாகக் கிடைத்துவிடும்.

பக்கத்திலேயே லஞ்ச் பைகள், தண்ணீர் பாட்டில், ஸ்பூன். காலையில் ஒருவர் அடுப்படியில் நிற்க, இன்னொருவர் டப்பா கட்ட வேண்டும். இப்போது பாட்டில்கள் ஃபிரிட்ஜ் மேலும், பைகள் டைனிங் டேபிளிலும், ஸ்பூன் தொட்டி ஓரத்திலும் இருக்கின்றன. டப்பா கட்டுகிறவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆறு தடவை குறுக்கே போகிறார். சூடான குக்கரை இறக்கும் இடத்தில் இது எரிச்சல் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. டப்பா கட்டும் வேலையை மேடையின் கடைசி இரண்டடிக்கு, கதவுப் பக்கமாக மாற்றிவிட்டால் அவர் உள்ளே வரவே வேண்டியதில்லை. அந்த வேலையைக் கணவரிடம் கொடுங்கள். இடம் சரியாக இருந்தால் யாரும் செய்துவிடலாம்.

மேடை உயரம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, முழங்கையிலிருந்து தரைவரை அளந்து, அதில் நான்கு இன்ச் கழியுங்கள். அதுதான் காய் நறுக்கவும் மாவு பிசையவும் ஏற்ற உயரம். ஐந்தடி ஒரு இன்ச் உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 34 இன்ச் வரும். அடுப்பு வைத்த இடத்தில் இன்னும் ஐந்து இன்ச் கூடிவிடுகிறது, அதன்மேல் குக்கர். கிளறும்போது தோள் தூக்கியே இருந்தால் அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பலகை போட்டு ஏறி நிற்கச் சொல்வார்கள். மாமியாரும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் அது கூடாது, தடுக்கும். உயரம் குறைந்த அடுப்பாக மாற்றுவது மேல். மாமியாருக்கு நறுக்கும் வேலை பிடிக்கும் என்றால் டைனிங் டேபிளில் உட்கார்ந்து செய்யட்டும். 29, 30 இன்ச் உயர மேஜை உட்கார்ந்து நறுக்க வாகானது. அதற்காகவாவது அந்த மேஜை காலியாக வேண்டும்.

கிரைண்டர் கீழ்த்தட்டில் இருக்கிறது. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் பத்து கிலோவுக்கு மேல். அதைக் குனிந்து தூக்குவது உங்களுக்கும் வேண்டாம், உங்கள் மாமியாருக்கு நினைக்கவே வேண்டாம். பூட்டு உள்ள சக்கரம் வைத்த, பதினைந்து இன்ச் உயரப் பலகையில் நிரந்தரமாக உட்கார வைத்து, அரைக்கும்போது பிளக் அருகே தள்ளிக்கொண்டு வாருங்கள். 25 கிலோ அரிசிச் சிப்பத்தையும் இப்படியே. எடை கூடிய எதுவும் முழங்காலுக்குக் கீழிருந்து தூக்கப்படக் கூடாது. அது உருள வேண்டும்.

சமையலறை வெளிச்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தில் உங்கள் நிழலே மேடைமேல் விழுகிறது. டியூப் லைட் முதுகுப் பக்கச் சுவரில் இருப்பதால் வருவது. மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி இரண்டடி எல்.இ.டி. விளக்கு ஒன்று போடுங்கள், 10 வாட், 4000 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்). அரிசியில் கல் பார்க்க இனி ஜன்னலுக்குப் போக வேண்டாம்.

துணிக் குவியலுக்குக் காரணம் சோம்பல் என்று வீட்டில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். பாதையைப் பாருங்கள். பால்கனிக் கொடியிலிருந்து எடுத்த துணியோடு உள்ளே வந்தால் முதலில் தென்படும் தட்டையான இடம் சோபா. மடித்தபின் ஐந்து பேர் துணியும் மூன்று அலமாரிக்குப் பிரிந்து போக வேண்டும். இந்தப் பிரிக்கிற வேலைதான் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆகவே பிரிப்பதைக் கொடியிலேயே முடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு நிறத்தில் ஐந்து கூடை, பால்கனிக் கதவுக்குப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாக. கொடியிலிருந்து எடுக்கும்போதே அவரவர் கூடையில் போட்டு அவரவர் அறையில் வைத்துவிட வேண்டும். மடிப்பது அவரவர் பாடு. மகன் மடிக்காமல் கூடையிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்வான். விட்டுவிடுங்கள், குவியல் சோபாவில் இல்லை என்பதே போதும். யூனிஃபார்ம் சட்டைகளை ஈரமாகவே உதறி ஹேங்கரில் மாட்டிக் காயப் போட்டால், காய்ந்ததும் ஹேங்கரோடு உள்ளே போய்விடும். மடிப்பும் இல்லை, இஸ்திரியும் பாதி மிச்சம். மகளின் கம்பியை மூன்றரை அடி உயரத்தில் வைத்தால் அவளே மாட்டுவாள்.

பீரோவில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். நெருக்கி அடைத்த தட்டில் ஒன்றை உருவினால் நான்கு சரியும். சரிந்ததைச் சரிசெய்ய யாருக்கும் காலையில் நேரமில்லை. புடவை அடுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது, தட்டுகளின் இடைவெளி 12 முதல் 14 இன்ச்.

எஸ்டிமேட்டில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது இந்த ஒன்று. பெரிய படுக்கையறையில் ஏழடி வார்ட்ரோபை குளியலறைச் சுவரை ஒட்டி அடிக்கச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் அதே சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்கு பெயின்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அது பெரும்பாலும் குளியலறைக் கசிவு. அதை மூடி மரவேலை செய்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பின்பலகை உப்பும், பட்டுப்புடவையில் பூசணம் படரும், அதற்குப் பிறகு கசிவைச் சரிசெய்ய வார்ட்ரோபையே பிரிக்க வேண்டிவரும். ஓரடிக்கு ஓரடி கெட்டி பாலிதீன் தாளை அந்தச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து பூத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உறுதியானால் முதல் செலவு பிளம்பருக்கும் டைல்ஸ் ஆளுக்கும்தான்: தரைத் துவாரத்தைச் சுற்றிய இணைப்பு, குழாய் இணைப்புகள், டைல்ஸ் இடுக்கு. இடுக்குகளை வெறும் வெள்ளை சிமென்டால் பூசாமல் நீர் புகாத எபாக்ஸி கலவை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். பிறகும் சுவர் காய ஒரு கோடை வேண்டும். வார்ட்ரோபை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் காத்திருக்கவே வேண்டாம். கட்டிலைத் திருப்பிப் போட்டால் இடம் வருகிறது, கதவு திறந்து நிற்கவும் மூன்றடி மிஞ்சுகிறது.

இரவுத் தூக்கம். ஒன்பதரைக்கு மேல் உங்கள் ஹால் காலியாக இருக்கிறது. மாமியார் சீரியல் முடித்துப் பிள்ளைகளோடு உள் அறைக்குப் போய்விடுகிறார். கணவரின் மேஜை அங்கே போகட்டும். பால்கனிப் பக்கச் சுவரில் மூன்றடிக்கு ஒன்றரை அடி மடக்கு மேஜை, 29 இன்ச் உயரத்தில். மடக்கினால் சுவரோடு நாலு இன்ச். அவர் முகம் சுவரைப் பார்க்காமல் பால்கனித் திரையைப் பார்த்து இருந்தால் குரல் அறைக்குள் எதிரொலிப்பது குறையும். உங்கள் படுக்கையறைக் கதவுக்கடியில் அரை இன்ச் சந்து இருக்கிறது. சத்தம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. ரப்பர் சீல் ஒன்றைக் கதவின் அடியில் திருகிவிட்டால் வித்தியாசத்தை அன்றைக்கே உணர்வீர்கள். கனமான திரை தெருச் சத்தத்தை நிறுத்தும் என்று கடையில் சொன்னால் நம்பிச் செலவழிக்காதீர்கள். திரை அறைக்குள் எதிரொலியை மட்டுப்படுத்தும்; ஜன்னல் சந்து வழியே வருகிற ஹாரனை அதனால் தடுக்க முடியாது.

ஹாலிலும் படுக்கையறையிலும் இருப்பது 6500 கே வெள்ளை விளக்கு. நடுப்பகல் வெளிச்சத்தின் நிறம் அது. இரவில் அதன் கீழே உட்கார்ந்தால் மூளை தூக்கத்துக்குத் தயாராவது தள்ளிப் போகும். ஒவ்வொரு அறையிலும் ஒரு விளக்கை 3000 கே மஞ்சள் வெளிச்சமாக மாற்றி, எட்டரைக்கு மேல் அதை மட்டும் எரியவிடுங்கள். எண் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். இதற்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. நான் சொல்வதில் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

மாமியாரின் பொருட்கள் முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்துவிட்டால் அவர் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மாத்திரைகளுக்கு ஏழு நாள் பெட்டி, அதன் மூடியின் உள்பக்கம் மருந்துச் சீட்டின் நகல். கழிப்பறையில் 33 முதல் 36 இன்ச் உயரத்தில் எஸ்.எஸ். பிடிகம்பி. டைல்ஸில் மட்டும் நிற்கிற திருகு ஆளின் எடைக்குப் பிடுங்கிக்கொள்ளும். செங்கலுக்குள் இரண்டு இன்ச்சாவது இறங்க வேண்டும்.

பரணில் அவருடைய பித்தளை அண்டா, குண்டா, உங்கள் சீர்ப் பாத்திரங்கள், கொலுப் பெட்டிகள். கழிக்க ஆரம்பிப்பவர்கள் வழக்கமாக இங்கேதான் கை வைக்கிறார்கள், அங்கேயே சண்டையும் வருகிறது. அடுத்தவர் பொருளை ஒருவரும் கழிக்கக் கூடாது. உங்கள் பழைய சுடிதாரிலிருந்து தொடங்குங்கள். மாமியாரின் அண்டாக்களில் எது வேண்டும் என்பதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து, ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு செம்பை எடுத்து ஹாலில் வைத்தால் அவருக்கு மனம் நிறையும். பிறகு எட்டு அண்டா போவதற்கு அவரே சம்மதிப்பார். சுவரிலிருந்து நீட்டிய கான்கிரீட் பரணில் கனமானது சுவரை ஒட்டியும் லேசானது விளிம்பிலும் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் தலைகீழாக இருக்கிறது, இதை மட்டும் முதல் வாரமே மாற்றுங்கள். அட்டைப்பெட்டி மேலே வேண்டவே வேண்டாம். கரப்பானுக்கும் கரையானுக்கும் அது தீனி. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு எண் எழுதி, எந்த எண்ணில் என்ன என்ற பட்டியலை பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை புதன்கிழமை கலைவதற்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும். நீங்கள் பொருட்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அந்த இடம் தெரியாது. எடுத்தவர் வெளியிலேயே வைத்துவிடுகிறார். இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், ஹாலில் ஒரு கூடை. வெளியே கிடப்பதெல்லாம் அதற்குள். அவரவர் பொருளை அவரவர் எடுத்துப் போக வேண்டும். மூன்று நாள் கேட்பாரற்றுக் கூடையிலேயே கிடக்கும் பொருளுக்கு வீட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். அதற்கு ஒரு இடம் கொடுங்கள், இல்லையென்றால் கழியுங்கள்.

இதெல்லாம் நடந்தபின் கார்பென்டரைக் கூப்பிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: வாசல் அலமாரி, அடுப்படி டிராயர் இரண்டு, மடக்கு மேஜை, எதிர்ச்சுவரில் வார்ட்ரோப். அவ்வளவுதான். உங்கள் கையிருப்புக்குள் அடங்கும். பணம் போதாவிட்டால் வார்ட்ரோபை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். முன்பரப்பின் சதுர அடிக்கு விலை சொல்வார்கள். உள்ளே எத்தனை டிராயர், எத்தனை தட்டு, எந்த சேனல் என்று எழுதி வாங்காவிட்டால் அவை பிறகு கூடுதல் பில்லாக வரும். சமையலறைக்கு ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீரைத் தாங்கும் ரகம்) பிளைவுட், மற்ற அறைகளுக்கு ஐ.எஸ். 303 போதும், ஷீட் வெட்டுவதற்கு முன் முத்திரையை நேரில் பாருங்கள். 18 மி.மீ. பலகையாக இருந்தாலும் தட்டின் நீளம் மூன்றடியைத் தாண்டினால் நடுவில் தாங்கல் வேண்டும், இல்லையென்றால் தொய்யும். கதவுகளுக்கு இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சென்னை ஈரக்காற்றில் கதவு வளைந்து, மூடவே மறுக்கும். ஏழடிக் கதவுக்கு நான்கு கீல்.

வாசல் கொக்கிகளின் உயரத்தை மட்டும் கார்பென்டரின் வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். அவர் வரும் நாளன்று மகளைப் பள்ளிப் பையோடு சுவரோரம் நிற்க வைத்து, அவள் சிரமமில்லாமல் பையை மாட்டுகிற உயரத்தில் பென்சிலால் நீங்களே கோடு போட்டு வையுங்கள்.